தயாரித்தவர்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 2012இல் வேலைக்குச் சேர்ந்தேன். பதவி, டேட்டா என்ட்ரி. ஐந்து வருடம் கழித்து 2017லும் அதே பதவிதான். சம்பளம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் நான் செய்த வேலைக்கு டேட்டா என்ட்ரி என்று பெயர் இல்லை.

வெளிநாட்டுப் பையர் ஒரு டி-ஷர்ட் மாதிரியை அனுப்பி, இதை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். உடல் நீளத்தையும் கை நீளத்தையும் கூட்டி, தையலுக்கும் மடிப்புக்கும் விடுகிற அளவைச் சேர்க்க வேண்டும். அதை அரை மார்பளவால் பெருக்க வேண்டும், அதிலும் தையல் அளவு சேர்த்துத்தான். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கி, துணியின் ஜிஎஸ்எம்மால் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் ஓர் உருப்படிக்கு எத்தனை கிராம் துணி பிடிக்கும் என்று வரும். அதற்குமேல் நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, சாயப்பட்டறையில் குறைகிற எடை, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு சைஸுக்கும் எண்கள் மாறும். சிஸ்டத்தில் ஏற்கெனவே கிடந்த ஒரு பழைய ஷீட்டை எடுத்து, இவை எல்லாவற்றையும் அதில் இணைத்து, மேக்ரோ எழுதி, ஒரு பட்டனை அழுத்தினால் விலை வந்து நிற்கும்படி செய்தேன். மேக்ரோ எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தை தூங்கிய பிறகு, தம்பியின் பழைய லேப்டாப்பில், முதலில் ரெக்கார்ட் செய்து பார்த்து, அது எழுதிய வரிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அந்த ஃபைலை மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அதில் இருந்து பிறந்த ஃபைல்கள் 38. அவற்றில் ஏதாவது நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2017 ஏப்ரலில் இன்கிரிமென்ட் பேச்சு வந்தது. பதவியின் பெயரை மாற்றிக் கேட்கலாம் என்று போனேன்.

"நீங்க கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறீங்க, அவ்வளவுதானேம்மா" என்றார் மேனேஜர்.

"அந்த காஸ்டிங் ஃபைலை நான்தானுங்க சார் செஞ்சேன்."

அவர் கிண்டலாகவோ கோபமாகவோ பேசவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "அது ஆபீஸ்ல இருந்ததுதானே?"

என்னிடம் பதில் இல்லை. என் இடத்துக்கு வந்து அந்த ஃபைலைத் திறந்தேன். ஃபைல் என்பதை அழுத்தி இன்ஃபோ பக்கத்துக்குப் போனால் வலதுபுறம் அந்த ஃபைலைப் பற்றிய விவரங்கள் இருக்கும். அன்றுவரை நான் அங்கே போனதே இல்லை. ஆத்தர் என்ற இடத்தில் 'யூசர்' என்று இருந்தது. கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயர். உருவாக்கிய நாள் என்ற இடத்தில் 2010இல் ஒரு தேதி. முதல் இரண்டு வரிகளைப் பார்த்த கோபத்தில் மூன்றாவது வரி கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாரோ என் பெயரை அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. எக்செல் ஒரு புதிய ஃபைலை உருவாக்கும்போது, அந்த கம்ப்யூட்டரில் எக்செல்லுக்குக் கொடுக்கப்பட்ட யூசர் பெயரை எடுத்து ஆத்தர் இடத்தில் போட்டுக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கடைக்காரர் அசெம்பிள் செய்து கொடுத்தபோது எல்லாவற்றுக்கும் 'யூசர்' என்றே போட்டிருந்தார். மேனேஜர் தன் லேப்டாப்பில் ஒருமுறை திறந்து சேவ் செய்ததால் அவர் பெயர் கடைசி வரியில் வந்துவிட்டது. யாரும் திருடவில்லை. நான் எழுதவில்லை, அவ்வளவுதான். யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டாலே போதும், என் பெயர் தானாக இல்லாமல் போகும்படி எல்லாம் ஏற்கெனவே அமைந்திருந்தது.

இது எனக்குப் புதியதும் இல்லை. என் அம்மா வீட்டில் இருந்தபடியே பிசிறு வெட்டுவார். கான்ட்ராக்டர் மூட்டையில் கொண்டுவந்து போடும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, எண்ணிக் கட்ட வேண்டும். கான்ட்ராக்டரின் நோட்டில் அந்தக் கணக்கு அப்பாவின் பெயரில்தான் இருந்தது. அப்பா ஒரு பனியனையும் தொட்டதில்லை. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, அம்மா உட்பட.

கம்ப்யூட்டர் உலகின் தொடக்கத்திலேயே இது இருக்கிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்ற பிரம்மாண்டமான மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அன்று அது செய்து காட்டிய கணக்கை இயந்திரத்துக்குள் அமைத்தவர்கள் பெண்கள். எனியாக்குக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் இயந்திரத்தின் அருகே நிற்கும் இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, படம் அழகாக இருக்க நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் கிடைத்தது. படத்தில் முகம் இருந்தது. படத்தின் கீழே பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் யாராவது ஒரு கதையை நிரப்பிவிடுகிறார்கள்.

என் பெயரை நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஆத்தர் இடத்தைத் திருத்துவது சுலபம். ஆனால் எனக்கு ஒரு பெயர் மட்டும் போதவில்லை. தயாரித்தவர் யார், எந்தத் தேதியில், எத்தனையாவது வடிவம் என்பதும் வேண்டும். ஏனென்றால் ஆபீஸில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று ஃபைல்கள் பெருகிக்கிடந்தன. எக்செல்லில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. இன்ஃபோ பக்கத்தில் ப்ராப்பர்ட்டீஸ் என்பதை அழுத்தி அட்வான்ஸ்ட் ப்ராப்பர்ட்டீஸ் போனால் கஸ்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நமக்கு வேண்டிய தலைப்பை நாமே வைத்து, அதற்கு ஒரு மதிப்பு கொடுக்கலாம். எழுத்து, தேதி, எண், ஆம்-இல்லை என்று அதன் வகையையும் சொல்ல வேண்டும். ஷீட்டில் எங்கும் தெரியாது, ஆனால் ஃபைலோடு சேர்ந்தே போகும். கையால் ஒவ்வொன்றாகவும் போடலாம், மேக்ரோ எழுதி 38 ஃபைலுக்கும் போடலாம். மேக்ரோ என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல் எக்செல்லில் இல்லை. என்ன பெயர் போடுவது? பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவரின் இனிஷியல். ஆபீஸ் சம்பளப் பட்டியலில் பழையது, பிஎஃப் படிவத்தில் புதியது. இந்த ஃபைலைச் செய்யும்போது அப்பாவும் பக்கத்தில் இல்லை, கணவரும் பக்கத்தில் இல்லை. இனிஷியல் இல்லாமல் வெறும் பெயரை, தமிழில் எழுதினேன்.

இரண்டாவது சிக்கல் உடனே வந்தது. மேக்ரோ எழுதும் ஜன்னலில் என் பெயரைத் தமிழில் அடித்தேன். எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக வந்து நின்றது. எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், மறுபடியும் கேள்விக்குறிகள். காரணம் எளிது. ஷீட்டில் உள்ள செல்களுக்கு யூனிகோட் புரியும், மேக்ரோ எழுதும் ஜன்னலுக்குப் புரியாது. அது பழைய முறையில், ஒவ்வொரு மொழிக்கும் தனியாக இருந்த குறியீட்டுப் பட்டியலை நம்பி வேலை செய்கிறது. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. வழி என்னவென்றால், தமிழை மேக்ரோவுக்குள் எழுதாமல் ஷீட்டில் ஒரு செல்லில் எழுதிவைத்து, மேக்ரோவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது. ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோட் எண்ணால் கூப்பிடுவது இன்னொரு வழி. 'அ' என்றால் 2949, 'ம' என்றால் 2990. என் பெயரை எண்களாகப் போட எனக்கு மனம் வரவில்லை. செல்லில் எழுதினேன்.

மூன்றாவது சிக்கல்தான் என்னை நான்கு நாள் உட்காரவைத்தது. மேக்ரோவை ஓட்டினேன். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அமைதியாக ஓடி முடிந்தது. கஸ்டம் பகுதியைத் திறந்து பார்த்தால் காலி. மறுபடி ஓட்டினேன், மறுபடி காலி. ஒரு ஃபைலில்கூட என் பெயர் ஏறவில்லை, ஆனால் ஏதோ தவறு என்று அது சொல்லவும் இல்லை.

எங்கிருந்தோ பழைய மேக்ரோ ஒன்றைப் பார்த்து எழுதும்போது அதன் முதல் வரியையும் சேர்த்து எழுதியிருந்தேன். 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். சில இடங்களில் அது தேவை. ஆனால் அதை மேக்ரோவின் தலையில் வைத்துவிட்டால் உள்ளே எது உடைந்தாலும் வெளியே தெரியாது. எங்கள் வீட்டில் 'விட்டுட்டுப் போ', 'பேசாம இரு' என்று சொல்லி வளர்த்தது நினைவுக்கு வந்தது. சண்டை இல்லை என்பதை எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் வீடு அது.

அந்த வரியை நீக்கினேன். உடனே மேக்ரோ நின்றது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லாத ஒரு பிழைச் செய்தி. டீபக் என்பதை அழுத்தினால் பெயரைச் சேர்க்கும் வரி மஞ்சளாக நின்றது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கோளாறு எங்கே என்று தெரியாத நான்கு நாட்களைவிட, இங்கேதான் என்று காட்டிய அந்த மஞ்சள் பட்டை எவ்வளவோ மேல்.

பிறகு எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். எந்த ஃபைலில் சேர்க்கிறாய் என்று மேக்ரோவையே கேட்கலாம் என்று தோன்றியது. ஃபைலின் பெயரை எழுதிக்காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். பதில் 'பெர்சனல்' என்று வந்தது.

புரிந்துவிட்டது. எல்லா ஃபைலுக்கும் பொதுவாகப் பயன்படட்டும் என்று மேக்ரோவை பெர்சனல் என்ற ஒர்க்புக்கில் வைத்திருந்தேன். எக்செல்லைத் திறக்கும்போதெல்லாம் அது மறைவாகத் திறந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. மேக்ரோவில் 'திஸ் ஒர்க்புக்' என்று எழுதியிருந்தேன். நான் நினைத்த 'இந்த' ஃபைல் என் கண்முன் இருக்கும் காஸ்டிங் ஃபைல். எக்செல்லுக்கு 'திஸ்' என்றால் மேக்ரோ எழுதப்பட்டிருக்கும் ஃபைல். ஆகவே முதல்முறை ஓடியபோது என் பெயர் அந்த மறைவான ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தடுத்த முறைகளில் அதே தலைப்பை மறுபடியும் சேர்க்கப் பார்த்திருக்கிறது. ஒரு தலைப்பை ஒருமுறைதான் சேர்க்க முடியும், இரண்டாவது முறை பிழை. அந்தப் பிழையைத்தான் என் முதல் வரி விழுங்கிக்கொண்டிருந்தது.

'திஸ்' என்பதை 'ஆக்டிவ் ஒர்க்புக்' என்று மாற்றினேன், அதாவது இப்போது முன்னால் திறந்திருக்கும் ஃபைல். அதிலும் ஒரு ஆபத்து. ஒருநாள் பையர் அனுப்பிய ஃபைல் முன்னால் திறந்திருக்க, மேக்ரோவை ஓட்டிவிட்டேன். அவர்கள் ஃபைலுக்கு நான் தயாரித்தவர் ஆகிவிட்டேன். அதன்பிறகு எந்த ஃபைல் என்று பெயர் சொல்லியே எழுதினேன். அப்புறம், ஏற்கெனவே அந்தத் தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் சேர், இருந்தால் அதன் மதிப்பை மட்டும் மாற்று என்று ஒரு சோதனையைச் சேர்த்தேன். கடைசியில் சேவ் செய்யும் வரி, சேவ் ஆகாமல் மூடினால் போட்டது எதுவும் நிற்காது. இந்த 'இருந்தால் மாற்று' என்ற வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ரொம்பப் பெருமையாக இருந்தது.

38 ஃபைலிலும் என் பெயர் ஏறிய அன்று, ஒரு பிரதி எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பார்த்தேன். 2007க்குப் பிறகு வந்த எக்செல் வகை ஃபைல்கள் உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான். உள்ளே டாக்ப்ராப்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் கஸ்டம் என்று ஒரு சின்ன ஃபைல். அதற்குள் என் பெயர் தமிழில், கேள்விக்குறி இல்லாமல் இருந்தது.

ஆனாலும் மெர்ச்சண்டைசர்கள் ஆர்டருக்கு ஆர்டர் செய்த புது ஃபைல்களில் பெயர் இல்லை. அவர்கள் ஷீட்டை மட்டும் காப்பி செய்து புது ஒர்க்புக்கில் போடுகிறார்கள். ஷீட் போகும், சூத்திரம் போகும், ஃபைலின் ப்ராப்பர்ட்டி போகாது. முழு ஃபைலை சேவ் ஆஸ் செய்தால்தான் கூடவே வரும். உழைப்பு காப்பியாகிறபோது பெயர் பின்தங்கிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆகவே ஷீட்டின் கடைசி வரியிலும், வடிவம், தேதி, தயாரித்தவர் என்று சின்ன எழுத்தில் போட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது பூட்டு அல்ல. கஸ்டம் ப்ராப்பர்ட்டியை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், நீக்கலாம். சட்டப்படியான சான்று என்று இதை நம்பக்கூடாது. ஆனால் அடுத்த ஏப்ரலில் நான் மேனேஜர் அறைக்கு வெறுங்கையோடு போகவில்லை. 38 ஃபைலின் பெயர், வடிவம், தேதி, தயாரித்தவர் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, அதையும் மேக்ரோவைக் கொண்டே ஒரு பக்கத்தில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இத்தனையும் நீங்களாம்மா?" என்றார். பதவி எம்ஐஎஸ் எக்சிகியூட்டிவ் என்று மாறியது. சம்பளம் நான் கேட்டதில் பாதி ஏறியது. மீதிப் பாதிக்கான சண்டையை அடுத்த வருடம் வேறு கம்பெனியில் போட்டேன்.

பெயர் எழுதக் கற்ற அதே நாட்களில் பெயர் அழிக்கவும் கற்க வேண்டிவந்தது. செக்கிங் பிரிவில் இருந்த ஓர் அக்கா, ஒரு சூப்பர்வைசர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுக்க முடிவு செய்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அக்கா தன் பெயரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தயார். அவரோடு இன்னும் சிலர், எந்தத் தேதி, எந்த நேரம், என்ன நடந்தது என்று சொன்னார்கள், ஆனால் தங்கள் பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அந்தத் தேதிகளை நான் ஓர் எக்செல் ஷீட்டில் அட்டவணையாக அடித்தேன். அவர்களில் ஒருவர் தன் பிரிவு கம்ப்யூட்டரில் திறந்து இரண்டு வரி சேர்த்து அனுப்பினார்.

அக்கா அதை மெயிலில் அனுப்பப்போகும்போது எனக்கு உறைத்தது. இன்ஃபோ பக்கத்தைத் திறந்தேன். தயாரித்தவர், என் பெயர், பழக்கதோஷத்தில் என் மேக்ரோ போட்டது. கடைசியாக மாற்றியவர், பெயர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணின் பெயர். அவருடைய கம்ப்யூட்டரில் யூசர் பெயராக அதுதான் இருந்தது. அட்டவணையில் ஓர் இடத்திலும் அவர் பெயர் இல்லை, ஆனால் இரண்டு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொன்னால் போதுமா, ஃபைல் சொல்லாமல் இருக்க வேண்டுமே.

இதற்கும் எக்செல்லில் வழி இருக்கிறது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இன்ஃபோ பக்கத்தில் செக் ஃபார் இஷ்யூஸ் என்பதில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்பதை ஓட்டினால் ஆத்தர், கடைசியாக மாற்றியவர், கஸ்டம் ப்ராப்பர்ட்டி எல்லாவற்றையும் கண்டுபிடித்து நீக்கிக் கொடுக்கும். நீக்கியதை எப்போதும் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனால்தான் பிரதியில் செய்ய வேண்டும். செய்துவிட்டு இன்னொருமுறை கண்ணாலும் பார்த்தேன். பிடிஎஃப் ஆக்கினால் பெயர் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அதிலும் கூடவே போகக்கூடும். கடைசியில் அச்சடித்து, காகிதமாகவே கொடுத்தோம். விசாரணை நடந்தது. அதில் என்ன ஆயிற்று என்பது அக்காவின் கதை, நான் சொல்வதற்கில்லை.

2019இல் அந்த வேலையை விட்டேன். என் இடத்துக்கு வந்த தங்கச்சிக்கு நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நீங்க எழுதிவெச்ச மாதிரியே அந்த செல்லுல என் பேரை அடிச்சு மேக்ரோவை ஓட்டினேங்க. எல்லா ஃபைல்லயும் உங்க பேரு போயிடுச்சுங்க்கா. நான் அழிக்கலீங்க."

அவள் அழிக்கவில்லை. இருந்தால் மாற்று என்று எழுதியவள் நான்தான். என் பெயரை எழுதத் தெரிந்த அந்த மேக்ரோவுக்கு, தனக்கு முன்னால் இன்னொருவர் இருந்திருக்கலாம் என்று யோசிக்கத் தெரியாது. நான் அதற்குச் சொல்லித்தரவில்லை.

சரி செய்வது கஷ்டமில்லை. 'தயாரித்தவர்' என்ற தலைப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாதே, அதற்குப் பதில் 'திருத்தியவர் 1', 'திருத்தியவர் 2' என்று அடுத்த எண்ணில் புதிதாகச் சேர். போனிலேயே வரி வரியாகச் சொன்னேன், அவள் அடித்தாள். பழைய பெயரைத் திரும்பப் போட வேண்டுமே என்று, ஒரு ஃபைலைத் திறந்து அதில் இருக்கும் எல்லா விவரத்தையும் படித்துக்காட்டச் சொன்னேன்.

"ஆத்தர், யூசர்ங்க. உருவாக்கிய நாள்... 2010ங்க்கா. நீங்க அப்பவே சேந்துட்டீங்களா?"

நான் சேர்ந்தது 2012.

ஃபைலை எத்தனை முறை சேவ் ஆஸ் செய்தாலும் உருவாக்கிய நாள் பெரும்பாலும் அப்படியே கூட வரும். என் 38 ஃபைலும் அந்த 2010ஆம் ஆண்டு ஷீட்டில் இருந்து பிறந்தவை. அந்த 'யூசர்' நான் இல்லை. எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்து, கல்யாணமாகி ஈரோடு பக்கம் போன அக்கா. நான் சேர்ந்த முதல் இரண்டு நாள் அவர்தான் எனக்கு வேலை சொல்லித்தந்தார். துணிக் கணக்கின் அடிப்படை அவருடையது. கழுத்து ரிப்புக்கு எவ்வளவு துணி என்று தனியாகக் கணக்குப் போட்ட அந்தச் சூத்திரம் அவருடையது. நான் அதன்மேல் கட்டினேன், பட்டன் வைத்தேன், மேலே என் பெயரை எழுதினேன்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் என்ன எழுதினேன் என்று திரும்பிப் பாருங்கள். 'சிஸ்டத்தில் ஏற்கெனவே கிடந்த ஒரு பழைய ஷீட்'. மேனேஜர் என்ன சொன்னார்? 'அது ஆபீஸ்ல இருந்ததுதானே.' இரண்டும் ஒரே வாக்கியம்தான். வருடக்கணக்கில் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்வது கேட்காமலே.

என் பெயர் அங்கே இருக்கக்கூடாது என்று நான் இப்போது சொல்லவில்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் எனக்குப் பதவி மாறியிருக்காது. ஆனால் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இடம் விட்டு வரிசையை மூடிவிட்டால், நேற்று எனக்கு நடந்ததை நாளைக்கு இன்னொருத்திக்கு நானே செய்வேன். பெண்கள் செய்த வேலை பெரும்பாலும் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தது. பேறுகாலத்துக்கும் கல்யாணத்துக்கும் பாதியில் எழுந்துபோனவர்களின் கணக்கு அதில் இருக்கிறது. இன்று உங்கள் ஃபைல் ஒன்றைத் திறந்து இன்ஃபோ பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உருவாக்கிய நாளையும் பாருங்கள்.

தங்கச்சியிடம் கேட்டு, பழைய ரெஜிஸ்டரில் இருந்து ஈரோட்டு அக்காவின் நம்பரை வாங்கினேன். ஏழு வருடம் கழித்துக் கூப்பிடுகிறேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக் கண்ணு? அங்க யாரு என்னைத் தேடப்போறாங்க?"

"இருக்கட்டுங்க்கா. முதல்ல தயாரிச்சவர்னு உங்க பேரைப் போடச் சொல்றேன். இனிஷியல் எது போடட்டுங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"இனிஷியல் எதுவும் வேண்டாம்" என்றார். அப்புறம், "ஆனா அந்த ரிப் ஃபார்முலா என்னோடதுன்னு தனியாப் போட்டுரு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு" என்றார்.